வாசலை நோக்கி நகர்ந்த வண்டி

மலைமேல் செம்மேட்டில் இப்போது முழுக்க பேட்டரியிலேயே ஓடும் நாலு சக்கர பைக்குகள் வந்துவிட்டன. எஞ்சின் இல்லை, புகை இல்லை. எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதை ஓனரின் போனுக்கே சொல்லிவிடுகிறது. அண்மையில் அப்படி வண்டி வாங்கிய மிளகுத் தோட்டக்காரர்கள் சிலர் என்னை டீக்கடையில் பிடித்து உட்காரவைத்து, "ரிட்டயர் ஆகி சும்மாதானுங்க இருக்கீங்க, புதுசா வாங்குனவங்களுக்கு எப்படி வெச்சுக்கோணும்னு சொல்லுங்க" என்றார்கள்.

சொன்னேன். டவுனில் பைக்குக்கு அடிப்பதுபோல இதன் டயருக்குக் காற்று அடிக்காதீர்கள், பந்து மாதிரித் துள்ளி வளைவில் கவிழ்த்துவிடும். குறைந்த அழுத்தம் காட்டும் தனி மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். எஞ்சின் வண்டி வைத்திருப்பவர்கள் ஏர் ஃபில்டர் பஞ்சை சோப்புத் தண்ணீரில் கசக்கி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் தடவித்தான் திரும்பப் போடவேண்டும். சேற்றில் ஓட்டினால் வீடு வந்ததும் கழுவிவிடுங்கள். ஆனால் ஹேண்டில் பக்கம் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். மழைக்காலத்தில் வண்டியை நிறுத்திப் போடுவதானால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள்.

"சும்மா நிக்கற வண்டிக்கு எதுக்குங்க வயரக் கழட்டோணும்?" என்றார் ஒருவர்.

"சார்ஜ் இறங்கிடும். எலி வேற கடிக்கும்" என்றேன். பொய்யில்லை. ஆனால் முழுப் பதிலும் அதில்லை. முழுப் பதிலை டீக்கடையில் வைத்துச் சொல்ல முடியாது. வளப்பூர் நாட்டு ராசம்மாவிடம் (இங்கே ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள்) கேட்டு, "எழுதிக்கங்க அண்ணா" என்று அவர் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நான் ராசிபுரத்துக்காரன். மொபெட் ஒர்க் ஷாப்பில் ஸ்பேனர் துடைத்துத் தொழில் கற்று, பைக், ஆட்டோ, டிராக்டர் என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவன். மலைமேல் நாலு சக்கர பைக் விற்கும் ஏஜென்சி ஒன்று செம்மேட்டில் சர்வீஸ் சென்டர் திறந்தபோது மெக்கானிக்காக ஏறிவந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் வேலை.

சர்வீஸ் மேனேஜராக இருந்தவர் ஸ்டெல்லா மேடம். திருச்சிப் பக்கம். மலைக் குளிர் அவருக்கு ஆகவே ஆகாது. சித்திரை வெயிலிலும் காதை மூடி ஒரு மஃப்ளர் சுற்றியிருப்பார். வண்டியில் கோளாறு என்று யாராவது வந்தால் முதலில் கடையில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார். கம்ப்ரஸர், ரேடியோ, எங்கள் பேச்சு, எல்லாம் நிற்கவேண்டும். பிறகு மஃப்ளரை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்துவார். பட்டன் அழுத்தியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுவதற்கு முன்னால், ரிலே என்கிற சின்னப் பெட்டிக்குள் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரும். அதை மட்டும்தான் கேட்பார். க்ளிக் வந்தால் ஒரு வழி, வராவிட்டால் வேறு வழி. அதைக் கேட்காமல் ஸ்பேனரைத் தொட்டவனை அவர் திட்டமாட்டார். ஸ்பேனரை அவன் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டி வாங்குபவர் யாராக இருந்தாலும், அவர் கையாலேயே பேட்டரியைக் கழற்றி மாட்டிக் காட்டினால்தான் சாவி கொடுப்பார். வெள்ளைச் சட்டையோடு வந்த ரிசார்ட் முதலாளி ஒருவர், "இதுக்குத்தானேம்மா ஆள் வெச்சிருக்கேன்" என்றார். "வண்டி நின்னுபோற இடத்துல ஆள் இருப்பாரா சார்?" என்று கேட்டுவிட்டு ஸ்பேனரை நீட்டினார் மேடம். சட்டையில் கறையோடுதான் அவர் சாவி வாங்கினார்.

முறை இதுதான். கழற்றும்போது கறுப்பு முதலில், சிவப்பு பிறகு. மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசி. சிவப்பை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். சார்ஜ் போடும்போது வண்டியோடு வந்த சின்னச் சார்ஜரில்தான் போடவேண்டும். லாரி பேட்டரிக்குப் போடும் பெரிய சார்ஜரில் போட்டால் வெந்துவிடும். சார்ஜ் ஏறியதும் கொஞ்சம் ஆறவிட்டு மீட்டர் வைத்தால் பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டவேண்டும். மாட்டி முடித்ததும் டெர்மினல் இரண்டிலும் வேஸ்லின் தடவவேண்டும், உப்புப் பூக்காமல் இருக்க.

வளப்பூர் நாட்டு வெள்ளையன் வந்தபோதும் இப்படித்தான் நடந்தது. ஒரு ரிசார்ட் கழித்துவிட்ட பழைய வண்டியை எங்கள் மூலம் வாங்கினார். கிளட்ச் பிடித்துக் கியர் மாற்றும் ரகம். ஜீப் போகாத தடத்தில் மிளகும் பலாப்பழமும் ஏற்றிவர அவருக்கு அது போதும். ஸ்பேனரைப் பிடித்தவர் அவர். அவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் மனைவி ராசம்மா.

"கை பிரேக் தேஞ்சிருக்கு. மாத்தற வரைக்கும் நிறுத்தும்போது முதல் கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல் வைங்க" என்றேன். "சரிங்க மெக்கானிக்கரே" என்று சிரித்தார் வெள்ளையன். நல்ல பல்வரிசை அவருக்கு.

அந்த வருஷ மழையில்தான் வெள்ளையன் போனார். ஓடையிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் வரும் ஹோஸ் பைப் பிடுங்கிக்கொண்டது என்று சரிசெய்யக் கீழே இறங்கியவர். மேலே எங்கோ கொட்டிய மழை ஓடையில் ஒரேயடியாக வந்தது. ஊர்க்காரர்கள் தேடினார்கள். தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி இறங்கித் தேடினார்கள். பைப் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. செம்மேடு முழுக்க அந்தப் பேச்சாக இருந்து, மெதுவாக அடங்கியது.

அடங்கிய பிறகு ஒரு நாள் ராசம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். கடை வாசலில் நின்றுகொண்டே கேட்டார்.

"ஏனுங்க, சாவி இல்லாத வண்டி ஓடுமுங்களா?"

மேடம் கையைக் காட்டினார். நான் கம்ப்ரஸரை நிறுத்தினேன்.

"சாவி அவரு மடியில இருந்துச்சுங்க. அவரோடயே போயிருச்சு. வண்டி பலாமரத்தடியில தார்ப்பாய் போட்டு நிக்குது. ஆனா பனி எறங்குனா அது முக்குதுங்க. முக்கி முக்கி ஒரு மொழம் நவுருது. இப்ப களத்துக்கு வந்திருச்சு."

"எந்தப் பக்கமா நகருது?" என்றார் மேடம்.

"ஊட்டப் பாத்துத்தாங்க."

மேடம், "நிறுத்தித் தரணுமாம்மா?" என்று கேட்டார். ராசம்மா, "வந்து பாருங்க மேடம்" என்றார்.

பஸ்ஸில் போய் இறங்கி, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே நடந்தோம். நான் டூல் பெட்டியையும் மேடம் மல்டிமீட்டரையும் தூக்கிக்கொண்டோம். வீட்டு முன்னால் வெள்ளையனின் தம்பி நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் படபடவென்று பேசினார்.

"நீங்களாவது சொல்லுங்க. அண்ணனுக்குக் காரியம் பண்ணோணும். பண்ணலாம்னா அண்ணி ஒத்துக்க மாட்டேங்குது. வண்டி வருது, அவரு வாராருங்குது. இந்தச் சனியன இழுத்துப் பள்ளத்துல தள்ளிப்போடறேன்னா குறுக்க வந்து நின்னுக்குது."

நீலத் தார்ப்பாய் போர்த்திய வண்டி, களத்தைத் தாண்டி வாசலுக்கு நேரே நின்றிருந்தது. பலாமரத்திலிருந்து அது நிற்கும் இடம்வரை செம்மண்ணில் சக்கரத் தடம் தெளிவாக இருந்தது. ஒரே கோடாக அல்ல; விட்டு விட்டு. நின்ற இடத்திலெல்லாம் மண் மடிந்து கிடந்தது. ஆள் தள்ளியிருந்தால் கால் ஊன்றிய பள்ளம் இருக்கவேண்டும். மேடம் குனிந்து தடத்தோடு நடந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். இல்லை.

நான் தார்ப்பாய்க் கயிற்றில் கை வைத்தேன். "இருங்க மூர்த்தி" என்றார் மேடம். "முதல்ல கேட்போம்."

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். பலாமரத்து உச்சி முதலில் மறைந்தது. பிறகு கிளைகள், பிறகு அடிமரம். பனி அங்கே அப்படித்தான், மேலிருந்து கீழே வரும். கோழிகள் தாமாகவே தத்தித் தத்தி வீட்டோரம் ஒதுங்கின. பக்கத்து வீட்டு ரேடியோ எங்கோ தூரத்தில் கேட்பதுபோல ஆயிற்று. ராசம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தார்ப்பாயின் மடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

க்ளிக்.

அந்தச் சத்தத்தை என் வாழ்நாளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறையாவது ஒரு கை பட்டனை அழுத்தாமல் கேட்டதில்லை. அடுத்த கணம் ஸ்டார்ட்டர் மோட்டார் உறுமியது. தார்ப்பாய் மூச்சு இழுத்ததுபோல எழும்பியது. வண்டி உலுக்கி, உலுக்கி, வாசலைப் பார்த்து ஒரு முழம் வந்து நின்றது.

தம்பி வேலியைத் தாண்டி ஓடியிருந்தார். ராசம்மா படியிலிருந்து இறங்கி நின்று, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, சந்தைக்குப் போய்வந்த மனுஷனிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"வாங்க."

மேடம் மஃப்ளரைக் காதிலிருந்து விலக்கியபடியே நின்றிருந்தார். குரல் மட்டும் கடையில் இருப்பது போலவே இருந்தது. "மூர்த்தி, நெகட்டிவ்."

தார்ப்பாயை இழுத்தேன். ஈரத்தில் அது ஒரு மூட்டை கனம் கனத்தது. சீட்டைத் தூக்கி, கறுப்பு வயரின் போல்ட்டில் ஸ்பேனரைக் கொடுத்தேன். இரண்டு முறை நழுவியது. கழன்றது. பிறகு சிவப்பு. பேட்டரியைத் தூக்கி ஒரு பலகைமேல் வைத்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

கோளாறைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. ஹேண்டிலுக்குக் கீழே எலி வயரைக் கடித்திருந்தது. எப்போதும் கரண்ட் இருக்கும் வயர் ஒன்று, ரிலேவுக்குப் போகும் வயர் ஒன்று. இரண்டும் தோலுரிந்து, ஒன்றையொன்று தொடாமல் நூலிழை விட்டு நின்றன. பனியில் தார்ப்பாய் நனைந்து கனத்து மேலிருந்து அழுத்தினால் தொடும். தொட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும்; வண்டி உலுக்கியதில் வயர் விலகினால் நின்றுவிடும். சாவி தேவையில்லை. கியரில் இருந்தால் சுற்றாமல் தடுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் எலி கடித்த இடம் அதையும் தாண்டி இருந்தது. வண்டி முதல் கியரில் நின்றதால், ஸ்டார்ட்டர் சுற்றச் சுற்றச் சக்கரமும் உருளும். சாவி போடாததால் எஞ்சின் மட்டும் பிடிக்காது. மீட்டரை வைத்துக் கட்டைவிரலால் வயரை அழுத்தினேன். 'பீப்' என்றது. விட்டேன். நின்றது.

பயம் போன தெம்பில் சத்தமாக எல்லாவற்றையும் விளக்கினேன். தம்பிகூடத் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். "எலிதானுங்களா?" என்றார். "எலிதான்" என்றேன்.

அப்போது மேடம் மல்டிமீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பேட்டரியில் வைத்திருந்தார். பன்னிரண்டு புள்ளி ஏழு.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. பிறகு உறைத்தது. ஸ்டார்ட்டர் மாதிரிக் கரண்ட்டைக் குடிப்பது வண்டியில் வேறெதுவும் இல்லை. எஞ்சின் ஓடினால்தான் பேட்டரிக்குத் திரும்பச் சார்ஜ் ஏறும். இத்தனை வாரமாக ஓடாமல், பனி இறங்கும்போதெல்லாம் முக்கிய பேட்டரி எப்போதோ செத்திருக்கவேண்டும். இது நிறைந்து இருந்தது. டெர்மினலைப் பார்த்தேன். உப்புப் பூக்கவில்லை. வேஸ்லின் பளபளத்தது. பழையதில்லை, தூசிகூடப் படியவில்லை.

உண்மையான பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. வளப்பூரில் இந்த முறை தெரிந்தவர் ஒருவர்தான். எங்கள் கடையில் என் கண் முன்னால் ஸ்பேனர் பிடித்தவர். ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

மேடம் ராசம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, "யாரும்மா சார்ஜ் போடறது?" என்றார்.

"நாந்தாங்க."

சொல்லிவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"மொத நாளு முக்குனப்ப உள்ள ஓடிக் கதவச் சாத்திக்கிட்டனுங்க. அடுத்தடுத்து பனியில சத்தம் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. சீக்குல கெடக்கறவங்க மொனகற மாதிரி. என்னால கேக்க முடியலீங்க. கழட்டிக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள வெச்சுச் சார்ஜ் போட்டேன். நீங்க அவருக்குச் சொல்லிக்குடுத்தத நானுந்தான பாத்துட்டு நின்னேன். கழட்டறப்ப கறுப்பு, மாட்டறப்ப செவப்பு. சக்கரத்துக்கு அவரு வெச்ச கல்லயும் நாந்தாங்க எடுத்தேன்."

"அப்புறம் எதுக்கும்மா எங்களக் கூப்பிட்டீங்க?"

"இனி வாசப்படிதானுங்க மேடம். இவ்வளவு நாளு வரட்டும் வரட்டும்னு இருந்தேன். கிட்ட வந்ததுக்கப்புறம், வர்றது அவருதானான்னு…"

மேடம் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அது வயர்தாம்மா."

"தெரியுங்க. வயருன்னும் தெரியுது. அவருன்னும் தெரியுது. ரெண்டும் தெரியுதே, நான் என்னங்க பண்றது?"

பேட்டரியைக் கடைக்கு எடுத்துப்போய்விடலாம் என்று நான் தூக்கினேன். மேடம் கீழே வைக்கச் சொன்னார். வண்டியை நியூட்ரலுக்கு மாற்றி, நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுக்கச் சொன்னார். பிறகு ராசம்மாவிடம், "பேட்டரி உங்களுது. மாட்டினா சத்தம் வரும், வண்டி நகராது. மாட்டலேன்னா சத்தமும் வராது. எது வேணும்னு நீங்க சொல்லுங்க. வயரை எப்போ சரிபண்ணணும்னாலும் ஆள் அனுப்பறேன்" என்றார்.

ராசம்மா எழுந்து பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கினார். குழந்தையைத் தூக்குவதுபோல என்று எழுத வருகிறது, அப்படி இல்லை. கனமான சாமானைத் தூக்குவது போலத்தான் தூக்கினார். வீட்டுக்குள் கொண்டுபோனார். "அடுப்புகிட்ட வேண்டாம்மா" என்று மேடம் சொன்னதும், மிளகு மூட்டைகளுக்குப் பக்கத்தில் பலகைமேல் இறக்கினார். வெளியே வந்து கொழுந்தனாரிடம், "காரியத்துக்கு நாள் பாருங்க சாமி" என்றார். அந்த ஆள் தண்ணீர்ச் சொம்போடு நின்று அழுதார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மேடம் திரும்பவேயில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் விரல்கள் மஃப்ளர் நுனியை முறுக்கிக்கொண்டே இருப்பதைக் கவனித்தேன்.

"மூர்த்தி, ஒண்ணு கவனிச்சீங்களா?"

"என்ன மேடம்?"

"க்ளிக் சத்தம் வந்த பிறகுதானே நாம பயந்தோம். அந்தம்மா அதுக்கு முன்னாடியே படியிலிருந்து எழுந்துட்டாங்க."

மேடம் மஃப்ளரை இரண்டு காதுக்கும் இழுத்து மூடிக்கொண்டார்.

கோடையில் ஓடை வற்றியபோது, வெகுதூரம் கீழே பாறை இடுக்கில் வெள்ளையன் கிடைத்தார். மடியில் சாவி இருந்தது. அதைப் போலீஸ்காரர்கள் ராசம்மாவிடம் கொடுத்தார்கள். அவர் அதை வெள்ளையனோடேயே வைத்துப் புதைத்துவிட்டு, எங்கள் கடைக்கு வந்து, "புதுப் பூட்டு போட்டுக் குடுங்கண்ணா, ஓட்டக் கத்துக்கறேன்" என்றார். வயர் முழுவதும் மாற்றினேன். கை பிரேக் மாற்றினேன். பழைய வண்டி என்றாலும் எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. சீக்கிரமே கிளட்ச் பிடிபட்டுவிட்டது அவருக்கு. இப்போதும் மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு சோளக்காட்டுச் சந்தைக்கு அதில்தான் வருகிறார். எங்களிடம் வண்டி வாங்கியவர்களில் அவரைப்போல பேட்டரி வைத்திருந்தவர்கள் வேறு யாருமில்லை.

ஸ்டெல்லா மேடம் மாற்றலாகிக் கீழே போன பிறகு நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், வளப்பூர்ப் பக்கம் ஒரு வண்டியைப் பார்த்துவிட்டுப் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். சாயங்காலம். பனி இறங்கியிருந்தது. எதிரே ராசம்மா சந்தை முடிந்து வந்துகொண்டிருந்தார். மூட்டையெல்லாம் இறக்கியாயிற்று, பின்னால் கேரியர் காலி. ஓடைக்கு இறங்கும் தடம் பிரிகிற இடத்தில் அவர் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. பனிக்குள் நான் நின்றதை அவர் பார்க்கவில்லை.

சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான் செய்தார்.

பின்பக்கத்து ஸ்பிரிங் இரண்டும் இறங்கின. குலுங்கி அல்ல. வளர்ந்த ஆள் ஒருவர் கால் போட்டு ஏறி உட்கார்ந்தால் எப்படி இறங்குமோ அப்படி, ஒரு பக்கம் முதலில், மறுபக்கம் அடுத்து. இறங்கியது இறங்கியபடியே நின்றது. அவர் கியரைப் போட்டுப் போனார்.

அடுத்த சர்வீஸுக்கு வண்டி வந்தபோது ஷாக் அப்சார்பரோடு ஸ்பிரிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் கசியவில்லை, விரிசல் இல்லை, தளரவும் இல்லை. திரும்ப மாட்டும்போது, இரண்டு பேர் போகிற வண்டிக்கு இறுக்குவது போலவே இறுக்கி வைத்தேன். ராசம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இப்பத்தான் சரியா இருக்குதுங்கண்ணா" என்றார்.